வர்த்தமானியில் ஏறாத நாட்கள்

வைகாசி மாதத்துப் பூரணை, இலங்கையில் அச்சாகும் நாட்காட்டிகள் அனைத்திலும் சிவப்பு மையிற் காணப்படும். அந்தச் சிவப்புக்குக் காரணமான வெசாக் பண்டிகைக்கு ஒரு விடுமுறைச் சரித்திரம் உண்டு. 1883ஆம் ஆண்டிற் கொழும்புக் கொட்டாஞ்சேனையில் மூண்ட மதக் கலவரத்தின் பின்னர், பௌத்தர்களின் குறைகளை எடுத்துரைப்பதற்காக ஹென்றி ஸ்டீல் ஒல்கொற் என்னும் அமெரிக்கர் லண்டன் மாநகர் வரை சென்று குடியேற்ற நாட்டுக் காரியாலயத்தில் முறையிட்டு மீண்டதன் பயனாக, 1885ஆம் ஆண்டில் அந்நாள் அரசாங்க விடுமுறையாயிற்று. அதே பூரணையை அண்டிய நாட்களில், மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலுமுள்ள ஊர்கள் பலவற்றில், ஆண்டு முழுவதும் அடைத்துக் கிடந்த கண்ணகியம்மன் கோயிற் கதவு திறக்கப்பட்டு, சடங்கு நடந்து, இறுதி இரவிற் குளிர்த்தி பாடப்படுகின்றது. இதனை எந்தத் தேசாதிபதியும் பிரகடனஞ் செய்தாரில்லை. எந்த வர்த்தமானியிலும் இது ஏறினதில்லை. இதன்பொருட்டு எவரும் கப்பலேறி லண்டனுக்குச் செல்லவுமில்லை. ஆயினும், ஒல்கொற் துரை வாங்கித் தந்த விடுமுறையிலேயே, கொழும்பிலும் கண்டியிலும் உத்தியோகம் பார்க்கும் மட்டக்களப்பார் பலர் ஊருக்கு வந்து குளிர்த்தி கண்டு போகிறார்கள். பௌத்தத்துக்குத் தொண்டு செய்த அப்பெரியார் கனவிலும் கருதியிராத உபகாரம் இது.

அரசு அறிவியாமலே ஒரு நாள் எவ்வாறு விசேஷ நாளாகிவிடுகிறது என்பதை ஆராயப் புகுவார்க்கு இக்காலம் மிகவும் வசதியானது. ஏனெனில் நாளுக்கொரு தினம் என்னும் நிலை வந்துவிட்டது. அமெரிக்காவில் வில்லியம் சேஸ், ஹரிசன் சேஸ் என்னும் சகோதரர் இருவர் 1957ஆம் ஆண்டில் தொடங்கிய தொகுப்பொன்று, எந்த நாளில் எவர் எதனைக் கொண்டாடுகிறார் என்னும் விவரங்களையெல்லாம் திரட்டி ஆண்டுதோறும் வெளிவந்துகொண்டிருக்கிறது. அதிற் காணப்படும் தினங்களுள் அரசாங்கத்தின் கையொப்பம் பெற்றவை சிலவே, தனியார் தாமாகக் கற்பித்துக்கொண்டவை பல. அதே நாட்டில் இரண்டு நண்பர்கள், 1995ஆம் ஆண்டிற் பந்தாடிக்கொண்டிருந்த வேளையில் வேடிக்கையாகக் கடற்கொள்ளையரைப் போலப் பேசத் தொடங்கி, உலகத்தார் அனைவரும் ஆண்டுக்கொருமுறை அவ்வாறு பேசுதல் வேண்டுமெனத் தீர்மானித்து, ஞாபகம் வைத்திருத்தல் சுலபமென்னும் காரணத்தால் அவர்களுள் ஒருவருடைய முன்னாள் மனைவியின் பிறந்தநாளாகிய செப்டெம்பர் 19ஆம் திகதியை அதற்கு நியமித்தனர். ஏழாண்டுகள் கழித்து டேவ் பாரி என்னும் பத்திரிகை எழுத்தாளர் அதனைப் பற்றி எழுதவே, அந்நாள் கண்டங் கடந்து பரவிற்று. இது ஒருவகை. இதனின் வேறான இன்னொரு வகையும் அந்நாட்டில் உண்டு. பென்சில்வேனியா மாநிலத்துச் சிற்றூரொன்றில், பெப்ரவரி 2ஆம் திகதி வளையிலிருந்து வெளிப்படும் ஒரு பிராணி தன் நிழலைக் கண்டு உள்ளே திரும்புமாயின் குளிர் இன்னும் ஆறு வாரம் நீடிக்கும் என்று 1887 முதல் கூட்டங்கூடிப் பார்த்து வருகிறார்கள். இன்று அது கேளிக்கை. ஆனால் அதன் வேர், ஜெர்மானியக் குடியேறிகள் தம் தாயகத்திலிருந்து கொண்டுவந்த உழவர் நம்பிக்கையில் இருக்கிறது. விதைக்கும் காலம் எப்போது வரும், சேமித்த தானியம் அதுவரை போதுமா என்னும் கவலையே அந்த நாளைப் பெற்ற தாய்.

மட்டக்களப்பின் அறிவிக்கப்படாத நாட்கள் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அவற்றை விளங்கிக்கொள்வதற்கு முதலில் நிலத்தை அறிதல் வேண்டும். வடக்கே ஏறாவூர்ப் பக்கம் தொடங்கித் தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவிக்குக் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்றரையில் ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன, இது எழுவான்கரை. மேற்கே வயல்வெளியும் காடும் குளங்களுமாக விரிந்து கிடப்பது படுவான்கரை. கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவக்காற்று கொட்டுகின்ற மழையில் பெரும்போக வேளாண்மை விளைந்து, மாசி, பங்குனியில் அறுவடையாகி, நெல் பட்டறைக்கு வந்து சேரும். அதன்பின் சித்திரை கழிய, மேற்கு மலைகளைத் தாண்டும்போதே ஈரத்தை இழந்துவிட்ட கச்சான் காற்று அனலாக வீசத் தொடங்கும். வாவி நீர் வற்றி உப்பேறும். கிணறுகள் அடிமண் காட்டும். முன்னாளில் அம்மையும் கொப்புளிப்பானும் கோதாரியும் இந்தக் காலத்திலேதான் ஊர்களுட் புகுந்தன. நெல்லும் ஓய்வும் கையிலிருக்க, வெயிலும் நோயும் வாசலில் நிற்கும் இந்தப் பொழுதில், வெப்பத்தின் வடிவாகிய ஒரு தெய்வத்தைக் குளிர்விக்க வேண்டுமென்ற எண்ணம் ஒரு சனசமூகத்துக்கு உண்டானதில் வியப்பென்ன?

கண்ணகி மதுரையை எரித்தபின் அடங்காச் சினத்தோடு வந்தாள் என்றும், ஆயர்குலத்துப் பெண்கள் அவளைக் குளிர்வித்தார்கள் என்றும், அதன் நினைவே குளிர்த்தி என்றும் இக்கரையார் சொல்வர். காரைதீவு, தம்பிலுவில், செட்டிபாளையம், மகிழூர், புதுக்குடியிருப்பு, வந்தாறுமூலை முதலிய ஊர்களிலுள்ள கோயில்களில் நிகழும் சடங்குகள், நாட்கணக்கிலும் சிற்சில முறைகளிலும் ஊருக்கூர் வேறுபடினும், கட்டமைப்பில் ஒன்றே. கதவு திறத்தலில் தொடங்கி, கல்யாணக்கால் நட்டு, ஊர்ப் பெண்கள் கூடி நெற்குற்றி, இரவுதோறும் கண்ணகி வழக்குரை படித்து, பொங்கலிட்டு, குளிர்த்தியில் முடிப்பர். பிராமணக் குருமார்க்கு இங்கே வேலையில்லை. கப்புகனார் அல்லது கட்டாடியார் எனப்படும் ஊர்ப் பூசகரே அம்பாளுக்கு உரியவர். குளிர்த்தி இரவிலே, வேப்பங்குழையும் பூவும் இட்டு நிறைத்த பானை நீரை அம்மன் முன்னிலையில் வைத்து, உடுக்கும் சிலம்பும் ஒலிக்க, பாட்டின் ஒவ்வொரு கட்டத்திலும் அந்நீரை மொண்டு தெளித்துக்கொண்டு அவர் நிற்பார். பாடல் மெதுவாக நகரும். ஆண்களும் பெண்களும் பாய் விரித்து மணலில் உட்கார்ந்திருப்பர்; பிள்ளைகள் அங்கேயே தூங்கிவிடுவர்; முடிந்தவுடன் மட்டும் எல்லோரும் எழுந்து, அந்தக் குளிர்த்தித் தண்ணீரில் ஒரு செம்பாவது தம் வீட்டுக்குப் போக வேண்டுமென்று நெருக்கியடிப்பர். பிறகு கதவு அடைபடும். அடுத்த வைகாசி வரை அந்தச் சந்நிதியில் வேலை எதுவுமில்லை.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழுதல் இயல்பு. சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை, இலங்கைக் கயவாகு மன்னன் கண்ணகிக்குப் பீடமமைத்து விழாவெடுத்ததையும் அதன்பின் மழை வளம் பெருகியதையும் சொல்லுமிடத்தில், அவ்விழா நடந்த மாதம் ஆடி என்றே குறிக்கிறது. சிங்களரும் எசல என்னும் ஆடியிலேதான் கண்டிப் பெரஹெராவை நடத்துகின்றனர். அதிற் பத்தினி தேவாலயத்து ஊர்வலமும் ஒன்று. அவ்வாறாயின் மட்டக்களப்பார் ஏன் வைகாசியைப் பிடித்துக்கொண்டனர்? கச்சானுக்கும் அறுவடை ஓய்வுக்கும் ஒத்துவந்த மாதத்தை உழவர் தாமே தேர்ந்துகொண்டனர் என்பதே என் துணிபு. நூல் ஒரு மாதத்தைச் சொல்ல, வயல் வேறொரு மாதத்தைச் சொல்லுமானால், குடியானவன் வயல் சொன்னதையே கேட்பான். யாழ்ப்பாணத்திற் பத்தொன்பதாம் நூற்றாண்டின் சைவச் சீர்திருத்த இயக்கம் கண்ணகி வழிபாட்டை ஏளனஞ் செய்து, அக்கோயில்கள் பலவற்றை இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்றெல்லாம் பெயர் மாற்றியபோதும், வாவிக்கரையில் அந்த இயக்கத்தின் வேகம் பெரிதும் தணிந்தே வந்து சேர்ந்தது. ஆகையாற் கண்ணகி இங்கே கண்ணகியாகவே இருந்தாள்.

சடங்காவது வழிபாடு, அதனை விசித்திரமென்று சொல்லுவாரில்லை. அதனோடு ஒட்டிப் பிறந்த கொம்பு விளையாட்டின் கதை வேறு. ஊரையே வடசேரி, தென்சேரி என்று இரண்டாக வகுத்துக்கொள்வர். வடசேரியார் கோவலன் கட்சி, தென்சேரியார் கண்ணகி கட்சி. வளைந்து வைரம் பாய்ந்த இரண்டு மரக்கொம்புகளை ஒன்றினுள் ஒன்றாகக் கொளுவி, கயிறு பூட்டி, இரு சேரியாரும் இரு புறத்திலும் நின்று, ஒன்று முறியும் வரை இழுப்பர். முறிந்தது எச்சேரியின் கொம்போ அச்சேரி தோற்றது. முதலில் சிறுவர்கள் தம் சிறு கொம்புகளோடு இறங்க, நாளடைவிற் பெரியவர்களும் பெருங்கொம்புகளும் களத்துக்கு வரும். வென்ற கொம்பைப் பட்டுச் சுற்றி, அலங்கரித்து, பறை மேளத்தோடு ஊர்வலமாகக் கொண்டு செல்வர். தோற்ற சேரியார் வீதியோரத்தில் நின்று தம்மைப் பற்றிய வசைப்பாட்டைக் கேட்டேயாக வேண்டும். கேட்டுவிட்டுச் சும்மா போவதுதான் சம்பிரதாயம். எல்லாரும் எல்லாக் காலத்திலும் சும்மா போனார்களென்று சொல்வதற்கில்லை. மழை பொய்த்த ஆண்டிலும் கொள்ளைநோய் பரவிய ஆண்டிலும் அம்மனின் சினம் தணிய இதனை ஆடுதல் மரபு. சண்டை பிடித்தால் தெய்வம் குளிரும் என்னும் இந்தத் தத்துவம் முதற் கேள்வியில் நகைப்புக்கிடமாகத் தோன்றலாம். ஆனால் வறட்சிக் காலத்திலே வாய்க்கால் தண்ணீருக்காக உண்மையாகவே அடித்துக்கொள்ளக்கூடிய மனிதரை, ஒரு முறைக்குள் நின்று பொய்யாக அடித்துக்கொள்ள வைத்த புத்தி எவருடையதாயினும் அது கூரிய புத்தியே.

இதற்குக் காரணமாகச் சொல்லப்படும் கதை அழகானது. கோவலனும் கண்ணகியும் ஒரு சோலையிற் சண்பகப் பூக் கொய்யும்போது, இருவர் கையிலுமிருந்த தொரட்டிக் கொம்புகள் கிளையிற் சிக்கி ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டனவாம். இருவரும் இழுத்தும் அவை விடுபடவில்லையாம். தோழர் ஒரு புறமும் தோழியர் மறுபுறமுமாகச் சேர்ந்து இழுக்க, கோவலன் கொம்பு முறிந்ததாம். இளங்கோவடிகள் இப்படி ஒரு காட்சியைப் பாடவில்லை. ஆட்டம் முன்னே பிறந்து, அதற்கொரு குலப்பெருமை வேண்டுமென்று கதை பின்னே வந்து சேர்ந்திருக்கும். கடற்கொள்ளையர் தினத்தைத் தோற்றுவித்தோருக்கு நகைச்சுவை எழுத்தாளர் ஒருவரின் துணை கிட்டியதென்றால், கொம்பாடியவர்களுக்குக் காப்பிய நாயகியே துணையாக வாய்த்தாள்.

ஆட்டத்தின் பழைமைக்கு அயல் நாட்டவர் ஒருவரின் சாட்சியம் உண்டு. மட்டக்களப்புக்கு வடக்கே, திருகோணமலைக்கு அண்மையிலுள்ள கொட்டியாரக் கரையில் 1660ஆம் ஆண்டிற் பிடிபட்டு, கண்டி அரசனின் கைதியாகப் பத்தொன்பது ஆண்டுகள் மலைநாட்டில் வாழ்ந்து தப்பிய றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681இல் லண்டனில் வெளியிட்ட தம் நூலில், சிங்கள மக்கள் பத்தினி தெய்வத்துக்காக ஆடிய இதே ஆட்டத்தை வருணித்திருக்கிறார். முழங்கை போல் வளைந்த இரு தடிகளைக் கொளுவிக் கயிற்றால் இழுத்தல், ஒன்று முறிதல், வென்ற கட்சியார் கேட்கக் காது கூசும் சொற்களைப் பாடிக் கூத்தாடுதல், நாட்டை நோயினின்று காக்கும் என்னும் நம்பிக்கை ஆகிய யாவும் அதில் உண்டு. சிங்களர் இதனை அங்கெலிய என்பர். அதிலுள்ள ஆபாசத்தை விரும்பாத அரசன் இராஜசிங்கன் அதனைத் தடைசெய்து தண்டமும் விதித்தான் என்றும், அதற்குப் பின்னும் கம்பளை மக்கள் விடாது ஆடியதால் அவர்களிடம் பெருந்தொகை அறவிட்டான் என்றும் நொக்ஸ் எழுதுகிறார். அரச ஆணைக்கு அஞ்சாமல், தண்டமுங் கட்டி, ஒரு விளையாட்டை நடத்திய கம்பளையாரை நான் மனத்துள் மெச்சிக்கொள்வதுண்டு. சிங்களரின் அங்கெலியவும் தமிழரின் கொம்பு விளையாட்டும் ஒரு தாய்ப் பிள்ளைகள் என்பதைக் கணநாத் ஒபயசேகர 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெருநூல் விரிவாகக் காட்டுகின்றது. இரு இனத்தாரும் ஒரே தெய்வத்தின் முன் ஒரே விதமாகத் தடியை முறித்து, ஏறத்தாழ ஒரே விதமாக வைது மகிழ்ந்தனர்.

அரசனுடைய தண்டத்துக்கும் அழியாத ஆட்டம், இருபதாம் நூற்றாண்டில் ஏறக்குறைய அழிந்தது. நான்கு காரணங்களைக் கூறலாம். அவற்றுள் முதலிரண்டும் நல்ல காரணங்கள். அம்மை நோய் உலகத்தினின்றே ஒழிந்துவிட்டதென உலக சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்தது. அதற்கு நெடுங்காலம் முன்னரே அம்மைப்பால் வைத்தல் ஊர்களில் அந்நோயின் வலியைக் குறைத்திருந்தது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தால் இங்கினியாகலையிற் கட்டப்பட்ட அணை, வாவியின் தென்பகுதி வயல்களுக்குக் கோடையிலும் நீர் தந்தது. நோயும் வறட்சியும் தந்த அச்சம் தளர, அந்த அச்சத்திற் பிறந்த ஆட்டத்தின் பிடியும் தளர்ந்தது. மூன்றாவது காரணம், முப்பதாண்டு யுத்தம். இரவிலே ஊர் கூடுவதும், இரு கட்சியாகப் பிரிந்து கூச்சலிடுவதும், பறை முழக்குவதும் உயிருக்கு ஆபத்தாயிருந்த காலம் அது. நான்காவது காரணத்தைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். சடங்கு நடத்தத் தெய்வமும் ஒரு கப்புகனாரும் இருந்தாற் போதும்; கொம்புக்கோ எதிர்ச்சேரி வேண்டும். தன் குடும்பம் வடசேரியா தென்சேரியா என்பதை அறியாத ஒரு தலைமுறை தலையெடுத்தபின், இழுப்பதற்கு மறுமுனையில் ஆளில்லை. இன்று அது கலைவிழா மேடைகளில் எப்போதாவது காட்சியாக வந்துபோகிறது. முறிந்தால் யாருக்கும் வெட்கமில்லை, முறித்தால் யாருக்கும் வெறியில்லை. தேற்றாத்தீவிலுள்ள கொம்புச்சந்திப் பிள்ளையார் கோயில் போன்ற இடங்களின் பெயரில் மட்டும் பழைய களம் அழியாமல் நிற்கிறது.

போர்த்தேங்காய் அவ்வளவு துர்ப்பாக்கியம் அடையவில்லை. அதுவும் கண்ணகி வழிபாட்டைச் சார்ந்த ஆட்டமே. எனினும் சித்திரை வருஷப்பிறப்போடு ஒட்டிக்கொண்டதால், ஊஞ்சலோடும் கிளித்தட்டோடும் சேர்ந்து பிழைத்தது. ஓட்டின் கனத்துக்குப் பெயர்போன மரங்கள் ஊருக்குச் சில உண்டு. அவற்றின் காயை மாதக்கணக்கில் முன்னரே சொல்லிவைத்து வாங்குவர். காயைக் காதருகே பிடித்து ஆட்டி, விரலை மடக்கிக் கணுவாற் சுண்டிக் கேட்டு, ஓடு தடித்ததா மெலிந்ததா என்று தீர்ப்புச் சொல்லும் முதியவர் ஒருவர் ஒவ்வொரு கூட்டத்திலும் இருப்பார். ஒருவன் காயை மற்றவன் காய் உடைக்க வேண்டும்; உடைந்த காய் வென்றவனுக்கு. கொம்பைப் போல் இதற்கு ஊர் இரண்டாகப் பிளவுபட வேண்டியதில்லை. இரண்டு காயும் இரண்டு பேரும் போதும். உடைந்த தேங்காய் கறிக்கும் உதவும். வயிற்றோடு உறவுகொண்ட வழக்கங்களுக்கு ஆயுள் கெட்டி. யாழ்ப்பாணத்து ஆடிப்பிறப்பைப் பாருங்கள்: நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் அதற்கு விடுதலை உண்டென்று சிறுவருக்காகப் பாடிவைத்தார், இன்றைய அரசாங்க விடுமுறைப் பட்டியலில் அந்த விடுதலை இல்லை, ஆனால் கூழும் கொழுக்கட்டையும் இருக்கின்றன.

இனி, அரசு தானே முன்வந்து நாட்களைப் புரட்டிப்போட்ட ஒரு சம்பவத்தையும் சொல்லவேண்டும். ஏனெனில் இந்தத் தீவின் நாட்காட்டி கண்ட மாபெரும் விசித்திரம் எந்தக் கிராமத்திலும் பிறக்கவில்லை, பாராளுமன்றத்திலே பிறந்தது. டட்லி சேனநாயக்கா பிரதமராயிருந்த காலத்தில், 1966ஆம் ஆண்டு தொடக்கம், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை நீக்கப்பட்டு, சந்திரனின் நான்கு பிறைநிலைகளுக்குரிய போயா நாட்கள் வாராந்த ஓய்வு நாட்களாயின. அவற்றுக்கு முந்திய நாள் அரைநாள் விடுமுறை. சந்திரன் ஏழு நாட்கணக்குக்குக் கட்டுப்படுபவனல்லன் ஆகையால், வாரம் ஒருகால் ஏழு நாளும் ஒருகால் எட்டு நாளுமாயிற்று. திங்கட்கிழமை வேலைக்குப் போகவேண்டுமா என்பதற்குப் பஞ்சாங்கத்தைப் பார்க்கவேண்டிய நிலை. ஞாயிறு பூசைக்குப் பழகிய மட்டக்களப்புக் கத்தோலிக்கர்களும் மெதடிஸ்தரும் அந்த நாளில் அலுவலகம் சென்றனர். வெளிநாட்டு வங்கிகளும் வர்த்தகரும் ஓய்ந்திருக்கும் நாளில் இலங்கை விழித்திருந்தது. அவர்கள் விழித்திருக்கும் நாளில் இலங்கை உறங்கிற்று. ஐந்தாண்டுகள் கடந்து, 1971இல், ஞாயிறு திரும்ப வந்தது. பூரணைப் போயா மட்டும் விடுமுறையாக நின்றது. சட்டமும் வர்த்தமானியும் அரச இயந்திரம் முழுவதும் பின்னின்று நடத்திய அந்தப் போயா வாரத்தை இன்று இளையோர் எவரும் அறியார். கப்புகனாரும் கோயில் நிருவாகியாகிய வண்ணக்கரும் கூடி நாட்குறித்த குளிர்த்தியோ அந்த ஐந்தாண்டிலும் நடந்தது, அதற்குப் பின்னும் நடந்தது.

மிஞ்சிய பூரணை விடுமுறையால் இவ்வூர் பெற்ற ஒரு சிறு லாபமும் உண்டு. சேர் ஜேம்ஸ் எமேசன் ரெனன்ற் என்னும் குடியேற்ற நாட்டுக் காரியதரிசி 1848ஆம் ஆண்டு செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்திருந்தபோது, இரவிலே தோணியேறி, வாவியின் அடியிலிருந்து எழும் இன்னொலியைத் தம் காதாற் கேட்டு, 1859இல் வெளியான தம் நூலில் எழுதிவைத்தார். மீனவர் அதனை ஊரி என்னும் சிப்பியினத்தின் குரலென்று அவரிடம் சொல்லியிருக்கின்றனர். ஊரார் பிற்காலத்தில் மீனுக்கே அப்புகழைக் கொடுத்து, தம் நாட்டை மீன்பாடும் தேன்நாடு ஆக்கிக்கொண்டனர். காற்று அடங்கிய நிலாக்காலத்தில், கல்லடிப் பாலத்தின் அருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீருள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பது வழக்கமாயிற்று. 1924இற் கட்டப்பட்டு மனிங் தேசாதிபதியின் மனைவியார் பெயர் சூட்டப்பட்ட அந்தப் பழைய இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில், 2013இற் புதிய அகன்ற பாலம் திறக்கப்பட்டது. போக்குவரத்து இரைச்சல் மிகுந்தபின் பாட்டைக் கேட்டவரிலும் கேட்டதாகச் சொல்பவரே அதிகம் என்று நினைக்கிறேன். இருந்தாலென்ன? பூரணையன்று பாலத்திலே காற்று வாங்க வருவோர் தொகை குறையவில்லை.

ஊர் மறவாத நாட்களும் உள. அவற்றை விசித்திரமென்றல் பொருந்தாது. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி இரவு வீசிய சூறாவளி, மட்டக்களப்பின் தென்னைகளையும் கூரைகளையும் அள்ளிக்கொண்டு போயிற்று. தம் பிள்ளைகளின் வயதைச் சூறாவளிக்கு முந்தி, பிந்தி என்று கணக்கிட்ட தாய்மாரை இவ்வூரார் நன்கறிவர். அந்நாளுக்கு அரசு யாதொரு பெயரும் இடவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி, கடல் நாவலடியையும் கல்லடியையும் டச்பார்ப் பகுதியையும் விழுங்கியது. அந்நாளைத் தேசிய பாதுகாப்புத் தினமென்று அரசு பெயரிட்டு, காலை 9.25 முதல் இரண்டு நிமிடம் மௌனம் என்றும் விதித்திருக்கிறது. மக்கள் அந்த மௌனத்தையும் அனுஷ்டிக்கிறார்கள். பின்னர் கரையில் தத்தம் வீடு நின்ற இடத்துக்குச் சென்று விளக்கேற்றுவது விதியில் இல்லாத அநுஷ்டானம்.

முகத்துவாரம் வெட்டும் நாள் ஒன்றும் உண்டு. கோடையில் மணல் மேடிட்டு மூடிக்கொண்ட வாவி வாயை, மாரி வெள்ளம் வயல்களில் ஏறும்போது வெட்டித் திறந்துவிடுவர். முந்தி வெட்டினால் மீனவருக்குக் கவலை, பிந்தி வெட்டினால் உழவருக்கு நட்டம். ஆகவே அந்த நாளைக் குறிப்பதற்கு அதிகாரிகளும் சங்கத்தாரும் கூடிப் பேசுவர், சிலவேளை சத்தமும் போடுவர். வடசேரியும் தென்சேரியும் முழுவதும் ஒழிந்துவிட்டன என்று எவரேனும் சொல்வாராயின், அந்தக் கூட்டமொன்றுக்கு அவரை அழைத்துச் செல்லலாம்.

இவற்றையெல்லாம் எழுத்தில் ஏற்றிவைத்தோர் சிலரே. தா. சதாசிவ ஐயர் 1940இல் மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டைப் பதிப்பித்தார். எஃப். எக்ஸ். சி. நடராசா 1962இல் மட்டக்களப்பு மான்மியத்தை அச்சேற்றினார். பண்டிதர் வி. சீ. கந்தையா 1964இல் மட்டக்களப்புத் தமிழகத்தையும் 1968இற் கண்ணகி வழக்குரையையும் வெளிப்படுத்தினார். அவர்கள் தேடிச் சென்று கேட்ட ஏட்டுக்காரரும் அண்ணாவிமாரும் கப்புகன்மாரும் இன்றில்லை. அவர்களுக்குப் பின் வந்தோரும் முதுமையடைந்துவிட்டனர். நூலிலேறியது போக, ஊரூராகச் சிதறிக் கிடக்கும் விவரம் இன்னும் ஏராளம். ஆகையால் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இதனைப் படிக்கும் ஆசிரியர்களையும் மாணவர்களையும் வேண்டிக்கொள்வது ஒன்றே: உங்கள் ஊர்க் கொம்புச்சந்தி எங்கிருந்தது, எந்தெந்தக் குடும்பம் எச்சேரி, கடைசியாக எந்த ஆண்டிற் கொம்பு முறிந்தது, தோற்றவரை எந்தப் பாட்டாற் பழித்தார்கள் என்பவற்றை வீட்டிலுள்ள மூத்தோரிடம் இந்த வைகாசிச் சடங்குக்குள் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், வசைப்பாட்டையும் கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள்.